அடையாளம் காணப்படாத வன்தட்டும் சில ஏட்டுச் சுவடிகளும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். மேற்குமலைக் கணவாய்களின் வழியே இறங்கிவரும் காற்று அல்லிநகரத்துத் தெருக்களில் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. (அல்லிநகரத்தைப் பாரதிராஜா பிறந்த ஊராக வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். அது காற்றின் ஊரும் கூட என்பது ஆடியில் இங்கே துணி உலர்த்தியவர்களுக்குத்தான் தெரியும்.) அன்றுதான் நாங்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேணிவந்த வெளிப்புற வன்தட்டு கணினிக்குத் தெரியாமற்போயிற்று. முதல்நாள் மாலை வரை தெரிந்தது. செருகியவுடன் மெல்லிய ஓர் ஒலியும் திரையில் சிறு படமுமாகத் தன் வருகையை அறிவிப்பது அதன் வழக்கம். அன்று ஒலியுமில்லை, படமுமில்லை. முகப்பில் இருந்த நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கணினிக் கடைகளில் இதற்கு வழங்கும் சொல் ‘டிடெக்ட் ஆகலை’ என்பது. தமிழ் படித்தவர்கள் என்ற கடமையுணர்ச்சியால் நேரான தமிழைத் தேடிப் பார்த்தோம். கண்டறியப்படவில்லை, அடையாளம் காணப்படவில்லை என்று இரண்டு மூன்று தேறின. ஆனால் கடைக்காரரின் சொல்லில் உள்ள நுட்பம் இவற்றில் இல்லை. தட்டு கெட்டுவிட்டது என்று அவர் சொல்லவில்லை. தட்டு இருக்கிறது, கணினியும் இருக்கிறது, இரண்டுக்கும் அறிமுகம் ‘ஆகவில்லை’ என்கிறார். உள்ளே உள்ளது அழிந்ததா இல்லையா என்பது வேறொரு கேள்வி. இந்த வேறுபாட்டை நாங்கள் உணரச் சில நாட்கள் ஆயின. உணர்ந்தபோது, தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்துசேர்ந்த வரலாற்றிலும் இதே வேறுபாடு பலமுறை குறுக்கிட்டிருப்பது நினைவுக்கு வந்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

தட்டில் இருந்தவை 2006 முதல் 2009 வரை கம்பம் பள்ளத்தாக்கில் பதிவு செய்த பாடல்கள். துறையில் நாங்கள் இருவர் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தோம். மாணவர்களை அழைத்துக்கொண்டு சின்னமனூர், உத்தமபாளையம், கோம்பை, கூடலூர் என்று விடுமுறை நாட்களில் சுற்றினோம். 1895இல் பெரியாற்று அணையின் நீர் கிழக்கே திருப்பப்பட்ட பிறகு இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அந்த நெல்லோடு வளர்ந்த நடவுப்பாட்டுகள், ஏலமலைக்கு விடியுமுன் ஜீப்பில் ஏறிப்போகும் பெண்களின் பாட்டுகள், தாலாட்டு, கும்மி, ஒப்பாரி. பாடியவர்களில் பெரும்பாலோர் அன்றே எழுபதைக் கடந்தவர்கள். இன்று அவர்களில் பலர் இல்லை. பதிவுகள் முதலில் இருந்த மேசைக் கணினி பழுதாகிக் கழிக்கப்பட்டது. ஆகவே உலகில் அப்பாடல்களுக்கு இருந்த ஒரே இருப்பிடம் உள்ளங்கை அளவுள்ள அந்தக் கறுப்புப் பெட்டி. படியெடுத்து வைக்கவேண்டும் என்று ஆண்டுதோறும் பேசிக்கொண்டோம். பேசியதோடு சரி.

வன்தட்டு என்னும் பொருளின் வரலாறு நீண்டதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் ரெனால்டு ஜான்சன் தலைமையிலான குழு உருவாக்கிய முதல் வன்தட்டு 1956இல் வெளிவந்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளை ஒரே அச்சில் அடுக்கிய அந்த இயந்திரத்தின் எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் அடங்கியவை ஐம்பது லட்சம் எழுத்துகள். எங்கள் பெட்டி அதைப்போல் லட்சம் மடங்குக்கு மேல் கொள்ளக்கூடியது. அளவு சுருங்கச் சுருங்க நுட்பம் கூடியது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின்மேல் படிப்புமுனை தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவில் இருக்கும் என்றால் அந்த இடைவெளியை ஒருவாறு ஊகிக்கலாம். ஆடிக்காற்றுப் புழுதியின் ஒரு துகள் உள்ளே புகுந்தால் அது முனைக்கு முன் மலையாகத்தான் நிற்கும். ஓலையை அரிக்கச் செல்லுக்குப் பல்லாண்டுகள் வேண்டும். இங்கே ஒரு கணம் போதும்.

ஆனால் எங்கள் தட்டுக்கு நேர்ந்தது அதுவன்று. அதை விளக்க, அறிமுகம் எவ்வாறு நடக்கிறது என்று சொல்லவேண்டும். இன்று எல்லாக் கணினிகளிலும் காணப்படும் யூ.எஸ்.பி. என்னும் இணைப்புமுறை 1996இல் வந்தது. அதை வகுத்த இன்டெல் நிறுவனக் குழுவில் முதன்மையானவரான அஜய் பட் வடோதராவில் படித்தவர். கருவியைச் செருகியதும் அது முதலில் மின்சாரம் பெறுகிறது. பிறகு தரவுக் கம்பியொன்றின் மின்னழுத்தத்தைச் சற்றே உயர்த்தி, ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று தெரிவிக்கிறது. கணினி, ‘நீ யார்?’ என்று கேட்கிறது. கருவி தன்னைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும் தன் வகையின் எண்ணையும் காட்டுகிறது. அசோகவனத்தில் அனுமன் கணையாழியைக் காட்டியது போன்ற கட்டம் இது. கணையாழியைக் கண்டபின்தான் சீதைக்கு ஐயம் முற்றும் தீர்கிறது. இங்கே ஐயம் தீர்ந்தபின் கருவிக்கு 1 முதல் 127 வரையில் ஒரு முகவரி கிடைக்கிறது. அதற்குப் பிறகே தட்டு படிக்கப்படும். தட்டின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையும், கோப்புகள் இருக்கும் இடங்களின் பட்டியலும் படிக்கப்பட்டு, கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து அதற்குப் பெயராக இடப்படும். நாம் காண்பது இந்தக் கடைசிப் படியை மட்டுமே. முந்தைய படிகளில் எது தவறினாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: தட்டு இல்லை.

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் உ.வே.சாமிநாதையரைப் பார்த்து, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட நிகழ்ச்சியைத் தமிழ் மாணவர் எவரும் அறிவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் அதைப் படித்திருக்கவில்லை. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் அவ்வாறே. இந்நூல்கள் அழிந்தா போயிருந்தன? இல்லை. மடங்களிலும் வீடுகளிலும் ஏடுகள் இருந்தன. கல்வி மரபு அவற்றை அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான். முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியபோது ஐயரவர்களுக்கு எழுத்துப் புரிந்தது, சொல்லும் ஓரளவு புரிந்தது, சமயச் செய்திகள் புரியவில்லை. அதே கும்பகோணத்தில் சமணர்கள் சிந்தாமணியைச் சமய நூலாக விடாமல் படித்துவந்திருந்தார்கள். அவர் அவர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். நூல் 1887இல் அச்சேறியது. ஓர் ஊரின் ஒரு தெருவில் அடையாளம் தெரியாதிருந்த நூல் அடுத்த தெருவில் நாள்தோறும் படிக்கப்பட்டிருக்கிறது. செருகுவாயை மாற்றிப் பார் என்று கடைக்காரர்கள் முதலில் சொல்வதற்கு இதைவிட நல்ல உரை எமக்குக் கிடைக்கவில்லை.

நாங்களும் மாற்றிப் பார்த்தோம். முன்புறச் செருகுவாயை விட்டுப் பெட்டியின் பின்புறத்தில் உள்ளதில் செருகினோம். வேறு கணினியிலும் செருகினோம். தட்டு ‘டிக், டிக்’ என்று ஒலித்து நின்றுவிடும், மீண்டும் ஒலிக்கும். இந்த ஒலி படிப்புமுனை பழுதான தட்டிலும் கேட்கும், மின்சாரம் போதாமல் சுழலத் தவறும் தட்டிலும் கேட்கும். முன்னதென்றால் உடனே நிறுத்திவிடவேண்டும். ஒவ்வொரு முயற்சியும் தட்டைச் சுரண்டக்கூடும். ஆகவே நாங்கள் நிறுத்தினோம். மறுநாள் அலமாரியைக் குடைந்தபோது தட்டுடன் வந்த பழைய கேபிள் அகப்பட்டது. ஒரு முனை தட்டுக்கு, மறுமுனை இரண்டாகப் பிரிந்து கணினியின் இரு செருகுவாய்களுக்கு. அந்தக் காலத்து யூ.எஸ்.பி. 2.0 செருகுவாய் ஒன்று தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் இரு மடங்கு வரை கேட்கும். அதற்காகவே இரட்டை வால். நாங்களோ சில மாதங்களாக ஏதோ ஒரு புகைப்படக் கருவியின் ஒற்றைக் கேபிளைப் பயன்படுத்திவந்திருக்கிறோம். தட்டு இளமையில் அதைப் பொறுத்துக்கொண்டது. முதுமையில் முடியவில்லை.

இரட்டை வாலைப் பூட்டியதும் தட்டு சுழன்றது. அந்த மகிழ்ச்சி அரை நிமிடம் நீடித்தது. திரையில் ஒரு கேள்வி தோன்றியது: இந்தத் தட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யலாமா? கோப்புப் பட்டியல் இருக்கும் பகுதியைப் படிக்க இயலாத கணினி, தட்டை வெற்றுத்தட்டு என்று எண்ணிக்கொண்டு கேட்கும் கேள்வி அது. அதற்கு ஆம் என்று விடையளிப்பவர்கள் உண்டு. எங்களில் ஒருவருடைய விரலும் எலிக்குட்டியின் மேல்தான் இருந்தது.

தமக்குப் படிக்கத் தெரியாததை வெற்றேடு என்று கருதுவது கணினியின் தனிக்குற்றம் அன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியனின் ஏடுகள் இருந்தன என்று கேள்விப்பட்டுத் தேடிச் சென்ற ஐயரவர்களுக்கு, பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டாயிற்று என்ற விடை கிடைத்ததை ‘என் சரித்திரம்’ சொல்கிறது. செய்தவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தியுடையவர்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் ஏடுகளை விட்டவர்களும் அப்படியே. வாசிப்பார் அற்றுப்போன ஏட்டுக்கு மரியாதையான முடிவு ஒன்றை அவர்கள் அளித்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களின் செயல் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களின் மதிப்பு, எரித்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்போர் உண்டு. எமக்கு அது உடன்பாடன்று.

பெட்டியைத் திறந்து பார்க்கலாமே என்றும் ஒருவர் சொன்னார். மதுரையில் சிலம்பை உடைத்துத்தான் உண்மையை அறிந்தார்கள். வன்தட்டை உடைத்தால் உண்மையும் சேர்ந்தே போய்விடும். குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தெடுத்தால் சரியாகும் என்பது மற்றொரு கைவைத்தியம். அதனால் உள்ளே நீர்த்திவலை படிவதுதான் மிச்சம். ஆனால் ‘பெட்டியைத் திறப்பது’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. வெளிப்புற வன்தட்டு என்பது மடிக்கணினியில் உள்ளது போன்ற ஒரு சாதாரணத் தட்டும், அதை யூ.எஸ்.பி. மொழிக்குப் பெயர்க்கும் சிறிய மின்சுற்றுப் பலகையும் சேர்ந்த கூடு. கூட்டை மட்டும் பிரித்து, பலகையைக் கழற்றி, தட்டைக் கணினியில் நேரடியாகப் பூட்டலாம். (புதிய தட்டுகள் சிலவற்றில் பலகை தட்டோடு பிணைந்தே வருகிறது. சிலவற்றில் பலகையே தரவை மறைமொழியாக்குகிறது. அவற்றுக்கு இது பொருந்தாது.) தேனியில் ஒரு கடைக்காரர் இதைச் செய்துகொடுத்தார். தட்டு உடனே அடையாளம் காணப்பட்டது. மொழிபெயர்ப்பாளரும் சற்றுக் குழம்பியிருந்தார் போலும். இருப்பினும் தட்டின் பரப்பில் பழுதான இடங்கள் பல இருந்தன.

இனி எதையும் திருத்த முயலக்கூடாது என்பதுதான் அவர் சொன்ன முதல் அறிவுரை. விண்டோஸ் தரும் பிழைதிருத்தி, பழுதான தட்டின்மேலேயே எழுதித் திருத்தும். முதலில் உள்ளபடி ஒரு படி எடுக்கவேண்டும், திருத்தங்கள் எல்லாம் படியில்தான். பதிப்பாசிரியர் எவரும் மூல ஏட்டின்மேல் எழுத்தாணி வைக்கமாட்டார் அல்லவா? அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் 2004இல் வெளியிட்ட, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் நிரல் இவ்வேலைக்கு உரியது. அது படிக்கக் கூடிய பகுதிகளை முதலில் படியெடுத்துக்கொண்டு, கடினமானவற்றைத் தாண்டிப்போய், எவ்விடங்கள் விடுபட்டன என்று குறித்துவைத்து, பிறகு அவ்விடங்களுக்குத் திரும்பிவருகிறது. மூன்று இரவுகள் அது ஓடியது. கடைக்காரரின் மின்கலச் சேமிப்பு தேனியின் மின்தடைகளை அந்த மூன்று இரவுகளிலும் தாங்கியது எங்கள் நற்பேறு.

அந்நிரலின் நடைமுறையைப் பார்த்தபோது பழைய பதிப்புகளின் புள்ளிக்கோடுகள் கண்முன் வந்தன. ஏட்டில் சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பாமல் புள்ளியிட்டுவிட்டு, வேறு ஏடு தேடி அலைந்தவர்கள் அவர்கள். குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் வரும் பகுதி பல ஏடுகளில் சிதைந்திருந்தது. தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அது கிடைத்தது. 1889இல் பத்துப்பாட்டு வெளிவந்தபோது அப்பூக்கள் அனைத்தும் இருந்தன. புறநானூற்றின் 267, 268 ஆம் பாட்டுகளுக்கோ அந்த நற்பேறு இன்றுவரை வாய்க்கவில்லை. எண் மட்டும் இருக்கிறது. ஆனால் எண் இருப்பதே பெரிது. அங்கே இரண்டு பாட்டுகள் இருந்தன என்று எண்ணாவது சொல்கிறது.

எங்கள் படியில் ஒலிப்பதிவுகளில் பெரும்பகுதி வந்துவிட்டது. அடுத்ததாக மாணவர்கள் கேட்டெழுதித் தட்டச்சு செய்த பாடல் வரிகளைத் திறந்தோம். திரை நிறைய ஐரோப்பிய உயிரெழுத்துகளும் கொம்பு முளைத்த குறிகளும் தெரிந்தன. தட்டு அடையாளம் காணப்பட்டது, கோப்பு அடையாளம் காணப்பட்டது, தமிழ் அடையாளம் காணப்படவில்லை. அந்த ஆண்டுகளில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழெழுத்துகளைத் தான் விரும்பிய எண்களில் வைத்துக்கொண்டிருந்ததை இவ்வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்னும் குறிமுறைகளைத் தரப்படுத்தியது. இணையத்தில் எழுதியோர் பலர் திஸ்கியில் எழுதினார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும் தொடக்கத்தில் அத்தகைய குறிமுறைகளில்தான் நூல்களை வெளியிட்டது, பிறகு ஒருங்குறிக்கு மாறியது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தும் தமிழக அரசு அதை முறையாக ஏற்றது 2010இல். எங்கள் கோப்புகளோ இவை எதிலும் சேராத, ஓர் அச்சகத்து எழுத்துருவில் இருந்தன. அவ்வெழுத்துருவை அந்த அச்சகத்தார் எப்போதோ கைவிட்டிருந்தார்கள். எந்த எண் எந்த எழுத்து என்று நாங்களே ஓர் அட்டவணை போட்டு மாற்றவேண்டியதாயிற்று.

இதுவும் புதிதன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். பாடம் கேட்டவனுக்கு அது நூல், கேளாதவனுக்கு வெறும் கீறல். 1986இல் பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம், 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேட்டின் தொள்ளாயிரமாவது ஆண்டை ஒட்டி, நாட்டு மக்களின் வாழ்க்கையையெல்லாம் திரட்டி இரண்டு லேசர் தட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றைப் படிக்கும் இயந்திரங்கள் அரிதாகி, பழைய இயந்திரத்தைப் புதிய கணினிக்குள் போலி செய்து காட்டும் ஆய்வு 2002இல் தேவைப்பட்டது. 1086இன் தோலேட்டை இன்றும் இலத்தீன் அறிந்தவர் படிக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்த பின் அவர் திரட்டிய நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் நூலகம் அமைந்தபோது, அங்கே நுண்படச் சுருளைத் தேர்ந்ததன் பொருள் எமக்கு இப்போதுதான் விளங்குகிறது. நுண்படம் யார் என்று எவரும் கேட்கவேண்டியதில்லை. வெளிச்சமும் ஒரு கண்ணாடி வில்லையும் இருந்தால் அது தெரியும்.

மீளாத பதிவுகள் சில உண்டு. மீண்டவற்றிலும் ஓட்டை விழுந்தவை உண்டு. அவற்றுள் ஒன்று கோம்பைக்கு அருகில் ஒரு மூதாட்டி தம் கணவருக்காகப் பாடிய ஒப்பாரி. பதினொரு நிமிடப் பாட்டில் ஏழாம் நிமிடத்தில் நாற்பது விநாடி வெறும் இரைச்சல். அந்த இடத்துச் சொற்கள் அன்று உடன்வந்த மாணவி ஒருவரின் நோட்டில் பென்சிலால் எழுதப்பட்டு அப்படியே இருக்கின்றன. மெட்டு இல்லை. பாடியவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது படிகள் மூன்று இருக்கின்றன. ஒன்று கல்லூரியில், ஒன்று அல்லிநகரத்தில், மூன்றாவது சின்னமனூரில் ஒரு நண்பர் வீட்டில். நான்காவதாக ஒன்று அமைந்தது எதிர்பாராதது. புரட்டாசியில் அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றபோது அவருடைய பேத்தி பாட்டைத் தம் கைப்பேசியில் ஏற்றித் தரச் சொன்னார். ஏலத்தோட்ட வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். ஏழாம் நிமிடத்தில் இரைச்சல் வந்தபோது நாங்கள் காரணம் சொல்ல வாயெடுத்தோம். அவர் கையமர்த்தினார்.

“இருக்கட்டும் சார். இந்த எடத்துல அப்பத்தா கொஞ்சம் மூக்கச் சிந்திட்டுத்தான் மறுபடி எடுக்கும்” என்றார். பிறகு இரைச்சல் ஓயுமுன், அந்த நாற்பது விநாடியைத் தாமே மெல்லிய குரலில் பாடினார். நோட்டில் உள்ள வரிகளில் இரண்டு அவர் பாட்டில் வேறாக இருந்தன. பாடபேதமாகக் குறித்துக்கொண்டோம்.